ராணியைக் குடிக்க விடாத பூட்டு பாய்

மரகதத் தீவின் மகாராணியைச் சாவிலிருந்து காப்பாற்ற முப்பத்தாறு தடவை முயன்று, முப்பத்தாறு தடவையும் தோற்றுப்போன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சந்தில் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். முப்பத்தேழாவது தடவை என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பொறுமையில்லாமல் கடைசிப் பாராவுக்குத் தாவுகிறவர்கள் தாவலாம். அங்கே அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

மதுரையில் மேல மாசி வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் நான் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். எதிரே பாயின் கடை. ஓர் ஆள் உட்காரலாம், இன்னோர் ஆள் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான் அகலம். அவருக்கு அத்தாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. பள்ளிவாசலில்கூடப் பூட்டு பாய் என்றுதான் சொன்னார்கள்.

பாய்க்கு ஒரு வியாதி உண்டு. வரப்போகிற ஆபத்து கண்ணில் பட்டுவிட்டால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பூட்டை விற்பார். அதைக் கையில் கொடுத்த மறு நிமிஷமே எச்சரிக்கையும் கொடுப்பார்.

"இந்தப் பூட்ட நம்பிராதீக முதலாளி. ஒரு கொண்டை ஊசி போதும், தொறந்துரும்."

"பின்ன எதுக்குய்யா என் தலைல கட்டுறே?"

"பூட்டாமப் போறதுக்கு இது தேவலைல்ல? ஆனா நம்பிராதீக."

ஒரு தடவை எங்கள் சந்து வழியாக மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. சாரட்டு வண்டி, பேண்டு, காஸ் லைட், எல்லாம் தடபுடல். பாய் கடையிலிருந்து குதித்துக் குதிரைக்கு முன்னால் நின்றுவிட்டார். "மாப்ள, எறங்குங்க! கடையாணி ஆடுது!" என்றார். மாப்பிள்ளைப் பையன் பயந்தவன், இறங்கிவிட்டான். அதற்கப்புறம் யார் சொல்லியும் ஏறவில்லை. சாரட்டு வண்டி மட்டும் காலியாக முன்னே போக, மாப்பிள்ளை மாலையோடும் செண்டோடும் நாலு மாசி வீதியும் நடந்தே போனான். பெண் வீட்டார் காலி வண்டிக்கு ஆரத்தி எடுத்துவிட்டு, உள்ளே யாரையும் காணாமல் திகைத்து நின்றார்கள். கடையாணி அன்றைக்கும் கழலவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கழலவில்லை. பாயிடம் கேட்டால், "கழண்டிருந்தா?" என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர் மதுரையில் இல்லை.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கரையில் நின்றுகொண்டு, கணுக்கால் தண்ணீர்கூட இல்லாத வைகையில் இறங்குகிறவர்களை எல்லாம், "ஆழம், பாத்து!" என்று கத்துவார். டாக்கி என்கிற பேசும் படம் வந்த புதிதில் அவரை அழைத்துக்கொண்டு போனோம். திரையில் கதாநாயகி தனியாகத் தோட்டத்துக்குப் போகிறாள். வில்லன் மரத்துக்குப் பின்னால் நிற்கிறான். பாய் எழுந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போகாத தாயி! அவன் நிக்கிறான்!"

அவள் போனாள். அவன் பிடித்தான். பாய் அதற்கு மேல் உட்காரவில்லை. வெளியே வந்து, "பாவம், அந்தப் புள்ளைக்குக் காது கேக்கல" என்றார். அதற்குப் பிறகு டாக்கிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் 'மரகதத் தீவு' நாடகத்தைப் பார்க்க நேர்ந்ததுதான் விபரீதம்.

அந்த நாடகத்தின் கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். தீவை ஆளும் மகாராணியைக் கவிழ்க்க அவளுடைய மந்திரி பாலில் விஷத்தைக் கலந்து தங்கக் கிண்ணத்தில் வைக்கிறான். ராணி அதைக் குடிக்கிறாள். நாட்டிடமும் மக்களிடமும் விடைபெற்று ஒரு பாட்டுப் பாடிச் சாகிறாள். மற்றபடி ராத்திரி ஒன்பதரையிலிருந்து விடியும் மட்டும் அறுபது பாட்டு, பபூன், கத்திச் சண்டை, கடல் சீன், வானுலக சீன். நான் அச்சாபீஸில் சேர்ந்த புதிதில், ரயிலடிப் பக்கம் இருந்த தகரக் கொட்டகையில் அது முதன்முதலாக நடந்தது. ராணி வேஷம் கட்டியவர் ஓர் ஆண். நல்ல குரல், நல்ல உடம்பு, வாய் நிறைய வெற்றிலை.

முதல் நாள் பாய் தரை டிக்கெட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராணி கிண்ணத்தை எடுத்து உதட்டருகே கொண்டுபோகும்போது, பாய் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா! குடிக்காதே! அதுல வெசம் இருக்கு! மந்திரி கலக்குனத நான் என் கண்ணால பாத்தேன்!"

வேறு நடிகராக இருந்தால் கேட்காத மாதிரி குடித்திருப்பார். அந்த மனிதர் கிண்ணத்தை இறக்கினார். பாயைப் பார்த்தார். ராணியின் குரலிலேயே, "தெரியும் பாய். நான் குடிக்காவிட்டால் நாளைக்கு என் ஜனங்கள் குடிக்கும் கிணற்றில் கலப்பான். அதற்குப் பதில் நானே குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தார்.

கூட்டம் விம்மியது பாருங்கள், தகரம் அதிர்ந்தது. நாடகம் எழுதியவருக்கே தோன்றாத காரணம் அது. அதன் பிறகு பாட்டைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினார்கள். செத்துக்கிடந்த ராணி எழுந்து, பாடி, மறுபடி செத்தார். மூன்று தடவை இப்படி. பாய் மட்டும் ஒன்ஸ்மோர் கேட்டவர்களோடு சண்டைக்குப் போனார். "செத்தவள எழுப்பி எழுப்பிச் சாகடிக்கிறீகளே, நீங்கள்லாம் மனுசங்கதானா?"

மறுநாளிலிருந்து இது ஒரு வழக்கமாகிவிட்டது. பாய் எழுந்து எச்சரிப்பார். ராணி தினம் ஒரு பதில் சொல்லிவிட்டுக் குடிப்பார். "இன்னிக்குப் பாய்க்கு என்ன பதிலாம்?" என்பதே டீக்கடைகளில் பேச்சாக இருந்தது. ஒத்தக்கடையிலிருந்தும் வண்டியூரிலிருந்தும் வயல் வேலையை விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த சம்சாரிகளில் பாதிப் பேர் அந்தப் பதிலைக் கேட்கத்தான் வந்தார்கள். ஒரு நாள் ராணி, "நேற்றும் சொன்னீர்கள், முந்தாநாளும் சொன்னீர்கள், என்னை எழுதியவன் கேட்க மாட்டேன் என்கிறானே பாய்!" என்று சொல்லப்போய், ஜனங்கள் எழுதியவரைத் தேடிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டார்கள். அவருக்குப் பபூனின் உடுப்பைப் போட்டுவிட்டுத்தான் வெளியே அனுப்ப முடிந்தது.

பாய் முப்பத்தைந்து நாள் பார்த்தார். முப்பத்தைந்து நாளும் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் மத்தியானம் வரை கடை திறக்காது. நான் ஒரு தடவை கேட்டேன்.

"பாய், அவ குடிப்பான்னு ஒங்களுக்குத்தான் தெரியும்ல?"

"தெரியும்."

"பின்ன எதுக்குத் தெனமும் எந்திரிக்கிறீக?"

"எனக்குத் தெரியும் தம்பி. அவளுக்குத் தெரியாதுல்ல."

நாடகக் கம்பெனி பினாங்கு, கொழும்பு என்று கப்பலேறிப் போய்விட்டது. பத்து வருஷம் ஓடிப்போயிற்று. அதற்குள் ஊரில் டாக்கிக் கொட்டகைகள் முளைத்துவிட்டன. பழைய ராணி டாக்கியில் சேர்ந்து, மீசை வைத்துக்கொண்டு, ராஜா வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான், ஒரு தை மாதம், கம்பெனி வாத்தியார் எங்கள் அச்சாபீஸுக்குள் நுழைந்தார். நாடகக் கம்பெனியில் வாத்தியார் என்றால் சொல்லிக்கொடுப்பவர், நடத்துபவர், சண்டை போடுபவர் எல்லாம் அவரேதான்.

"மரகதத் தீவை மறுபடி போடுறோம். பழையபடி இல்ல, பிரம்மாண்டமா. டைனமோ வச்சு எலக்ட்ரிக் லைட்டு. நெசத் தண்ணி விழுற அருவி. நெசக் குதிரை. ராணியா ஒரு பெண்ணே நடிக்கிறா. கோமளம்னு பேரு. பாட்டக் கேட்டீங்கன்னா அசந்துருவீங்க" என்றார்.

நோட்டீஸின் அடியில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று இன்னொன்றும் கொடுத்தார். பம்பாய்ப் பக்கம் போயிருந்தபோது அங்கே ஜனங்கள் வாயைத் திறக்காமல் நாடகம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். 'சபையோர் நிசப்தமாக இருக்க வேண்டியது. ஒன்ஸ்மோர் கிடையாது. நடிகர்கள் சபையோருக்குப் பதில் சொல்லமாட்டார்கள்.' இந்த மூன்று வரியையும் என் கையால் கோத்தேன். ஒரு பிழைகூட இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் நாள் கொட்டகை பிதுங்கியது. பாய் சலவை வேட்டி, அத்தர் சகிதம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். அருவி கொட்டியது. குதிரை வந்தது. கோமளம் பாடினாள், வாத்தியார் சொன்னது பொய்யில்லை. கிண்ணம் வந்ததும் மொத்தக் கூட்டமும் மேடையை விட்டுவிட்டுப் பாயைப் பார்த்தது. பாய் எழுந்தார். பத்து வருஷத்தில் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"அம்மா! குடிக்காதே! அதுல வெசம் இருக்கு!"

கோமளம் திரும்பவில்லை. குடித்தாள்.

"தாயி, ஒன்னத்தான்!"

அவள் பாட ஆரம்பித்துவிட்டாள். பாய் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கூட்டத்தைத் தாண்டித் தாண்டி வெளியே போனார். அது முப்பத்தாறாவது தோல்வி. முந்தைய முப்பத்தைந்தும் சேர்ந்து இந்த ஒன்றுக்கு உறைபோடக் காணாது.

பாட்டு முடிந்தபோது கைதட்டல் இல்லை. நிசப்தமாக இருக்கச் சொன்னார்கள், இருந்துவிட்டார்கள். மறுநாள் டீக்கடையில் நின்று கேட்டேன்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு பெரிய மனுசன் எந்திரிச்சு நின்னு சொல்றாரு, ஏன் என்னன்னு கேக்கல பாரு."

"அம்புட்டுக் கெத்து நம்மகிட்ட எதுக்கு?"

"குதிரை தேவலைப்பா. அதாச்சும் நம்மளத் திரும்பிப் பாத்துச்சு."

இரண்டாம் நாள் பாதிக் கொட்டகை. மூன்றாம் நாள் அதிலும் பாதி. குதிரை அருவியில் தண்ணீர் குடித்ததற்கு மட்டும் விதியை மீறி ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அது சமர்த்தாக மறுபடியும் குடித்தது. ராணிக்கு யாரும் கேட்கவில்லை.

கம்பெனி நொடித்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாய் நொடித்துவிட்டார். பூட்டை விற்றார், ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. ஏணி சாய்ந்து நின்றது. ஏறுகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். ஒரு நாள் அவர் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைசி மடக்கில் ஈ.

"பாய், இதுல ஈ கெடந்துச்சே, பாத்தீகளா?"

"பாத்தேன்."

"சொல்லலையே!"

"சொன்னா இப்ப யாரு கேக்குறா தம்பி? நாடகமும் டாக்கி மாதிரி ஆயிருச்சு."

டீ கசந்தது. ஈயால் அல்ல.

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் வாத்தியார் வந்தார். கூடவே கோமளமும் வந்தாள். 'கடைசி மூன்று நாட்கள்' என்று நோட்டீஸ் அடிக்க வேண்டும். அதற்குள் கூட்டம் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் கொட்டகையை ஒரு டாக்கிக்காரர் எடுத்துக்கொள்கிறார். கம்பெனியில் நாற்பது பேர். அவரவர் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

கோமளம் மெலிந்த பெண். முப்பது வயது இருக்கும். அரிதாரம் இல்லாமல் பார்த்தால் ராணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"அண்ணே, என் பாட்டுல என்ன கொறை? இந்த ஊருக்காரவுகளுக்கு ஏன் என்னப் பிடிக்கல?"

நான் எதிர்க் கடையைக் காட்டினேன். முழுக் கதையையும் சொன்னேன்.

"அன்னிக்கு எந்திரிச்சாரே, அவரா? ஐயோ, நான் என்னமோ கலாட்டா பண்றாருன்னு நெனச்சேன். பயத்துல திரும்பியே பாக்கல."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. "சபையோட பேசுறது பட்டிக்காட்டுப் பழக்கம்! பம்பாயில..."

"பம்பாயில கொட்டகை நெறையுது வாத்தியாரே. இங்க நெறையலையே" என்று சொல்லிவிட்டேன். எப்படித் துணிச்சல் வந்ததோ தெரியாது. வாத்தியார் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு வரி. ஒரே ஒரு வரி பதில் சொல்லிட்டுக் குடிச்சிரணும்" என்றார்.

கோமளம் அன்று சாயங்காலமே சாவி தொலைந்த ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயின் கடைக்குப் போனாள். சாவி உண்மையிலேயே தொலைந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். நான் கோத்த எழுத்தை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். பாய் தலை நிமிராமல் அரத்தால் ஒரு சாவியை ராவினார், அதைப் போட்டுத் திறந்துகாட்டினார்.

"நான்தாண்ணே மரகதத் தீவு ராணி" என்றாள்.

பாய் நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அன்னிக்குச் சொன்னேனே தாயி. காதுல விழலையா?"

"விழுந்துச்சுண்ணே."

"விழுந்துச்சா? விழுந்துமா குடிச்சே?"

கோமளம் குனிந்து பெட்டியைப் பூட்டினாள். "நாளைக்கு வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அவள் நாலு எட்டு வைப்பதற்குள் பாய் கத்தினார்: "அந்தப் பூட்ட நம்பிராத தாயி!" எத்தனை நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன்!

பாய் வருகிறார் என்ற செய்தியை நாங்கள் யாரும் நோட்டீஸில் போடவில்லை. எப்படிப் பரவியதோ, ஒத்தக்கடை வண்டிகள் மத்தியானமே வந்து அவிழ்த்துப் போட்டுவிட்டன. ராத்திரி தரையில் கால் வைக்க இடமில்லை. கிண்ணம் வந்தது. பாய் எழுந்தார்.

"அம்மா! குடிக்காதே! அதுல வெசம் இருக்கு!"

கோமளம் கிண்ணத்தை இறக்கினாள். திரும்பிப் பார்த்தாள். கொட்டகை முழுக்க 'ஹா' என்று ஒரு மூச்சு. வாத்தியார் எழுதிக்கொடுத்த ஒரு வரியை அவள் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் பாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"நேத்துத்தான் ஒன்னய நேருல பாத்தேன். எந்தங்கச்சி மாதிரி இருக்கே. வேணாந்தாயி."

கோமளத்தின் முகம் மாறியது. நான் முன்வரிசையில் பாயின் பக்கத்திலேயே இருந்தேன், அது நடிப்பில்லை. கிண்ணத்தை அப்படியே மேஜையில் வைத்தாள்.

"சரிண்ணே. குடிக்கல" என்றாள்.

இப்படி ஒரு சத்தத்தை அந்தத் தகரக் கொட்டகை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. துண்டுகள் பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். படுதாவின் ஓரத்தில் வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. பாய் மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றார். முப்பத்தாறு தடவை சொல்லிக் கேட்காத ராணி இப்போது கேட்டுவிட்டாள். மேற்கொண்டு என்ன செய்வது என்று அவர் யோசித்து வைக்கவில்லை.

கொஞ்சம் சத்தம் அடங்கியதும் ஒரு சம்சாரி எழுந்தார்.

"ஏப்பா, அப்ப அந்தப் பாட்டு?"

எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. விஷம் குடித்தால்தானே விடைபெறும் பாட்டு! ஆர்மோனியக்காரர் கட்டையில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

"பாட்டக் கேக்காமப் போறதா? ஒத்தக்கடைலருந்து வண்டி கட்டி வந்திருக்கோம்!"

"தாயி, கொஞ்சூண்டு குடிச்சுக்க!"

"குடிக்காதே!"

"குடி!"

கொட்டகை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கடைசியில் எல்லோரும் பாயின் மேல் பாய்ந்தார்கள். "நீங்க கெடுத்தீக, நீங்களே குடிக்கச் சொல்லுங்க!"

பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. என்னைக் குனிந்து பார்த்து, "எனக்கும் அந்தப் பாட்டுன்னா உசுரு தம்பி" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஒரு பாட்டுக்காக ஒரு புள்ளையச் சாகச் சொல்லவா? மாட்டேன்! தாயி, சாகாமப் பாடக்கூடாதா? எங்க வீட்டுக்காரி தெனமும் அடுப்பு முன்னாடி பாடிக்கிட்டுத்தான் இருக்கா. செத்தா போயிட்டா?" என்று கேட்டார்.

இதில் இருந்த நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

கோமளம் நின்றபடியே பாடினாள். சாகும்போது படுத்துக்கொண்டு பாடுகிற பாட்டு அது. அன்றைக்கு நிமிர்ந்து நின்று, முழு மூச்சு எடுத்து, எங்கள் முகங்களைப் பார்த்துப் பாடினாள். விடைபெறுகிற பாட்டு, ஆனால் அவள் எங்கும் போகவில்லை. அதைக் கேட்ட சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பாய் அழுதார். ஒன்ஸ்மோர் என்று முதலில் கத்தியதும் அவர்தான், முதல் தடவையாக. சாகவில்லையே, தாராளமாகக் கேட்கலாம்!

இதற்குள் மந்திரி வேஷக்காரர் மேடைக்கு வந்துவிட்டார். அவர் பாடத்தில் ராணி செத்துக் கிடக்க வேண்டும். இவள் குத்துக்கல் மாதிரி நிற்கிறாள். வேறு வழியில்லாமல் அவரும் நின்றார். பாட்டு முடிந்ததும் கோமளத்துக்கு என்ன தோன்றியதோ, கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"மந்திரியாரே, இதை நீரே அருந்தும்."

"குடி! குடி!" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் எழுந்தது. மந்திரி படுதாப் பக்கம் பார்த்தார். வாத்தியார் கையை விரித்தார். பாவம், மந்திரி கிண்ணத்தை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார்.

"யோவ் மந்திரி! குடிக்காதய்யா! அதுல வெசம் இருக்கு!"

வேறு யார்? பாய்தான்.

மந்திரிக்கு அழுகை வராத குறை. "நான்தானே பாய் கலந்தேன்! எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டேவா குடிக்கிறே? ஒனக்கும் வீட்டுல புள்ளகுட்டி இருக்கும்ல! கீழ ஊத்துய்யா!"

அந்த வேஷக்காரருக்கு உண்மையிலேயே ஐந்து பிள்ளைகள். பேசாமல் கிண்ணத்தை அருவியில் கொட்டிவிட்டு ராணியின் காலில் விழுந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் தரையே புரண்டது. பாய் மட்டும் இன்னும் உட்காரவில்லை. "அருவில ஊத்திட்டானே, அந்தக் குதிரையப் பிடிச்சுக் கட்டுங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வாத்தியார் வந்து, 'கடைசி மூன்று நாட்கள்' என்பதை அடித்துவிட்டு, 'மகாராணி பிழைத்துக்கொள்ளும் புதிய மரகதத் தீவு' என்று எழுதிக்கொடுத்தார். நிசப்த வரிகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நானாகவே எடுத்துவிட்டேன். ராணி சாகாவிட்டால் அது என்ன நாடகம் என்று ஊரில் ஒரு கட்சி கிளம்பியது. அந்தக் கட்சிக்காரர்களும் சரிபார்த்துக்கொள்ளத் தினமும் வந்தார்கள். பங்குனி முடியும் வரை நடந்தது. டாக்கிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். பாய் தினமும் எழுந்தார். ராணியும் மந்திரியும் தினமும் சொன்ன பேச்சுக் கேட்டார்கள். சந்தில் ஏணி ஏறுகிறவர்களும் டீ குடிக்கிறவர்களும் மறுபடி பத்திரமாக இருந்தார்கள்.

கம்பெனி காரைக்குடிக்குப் புறப்பட்டபோது பாய் ரயிலடிக்கு வந்து, ஒரு பெரிய புதுப் பூட்டைக் கோமளத்திடம் கொடுத்தார். "இத நம்பலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரு மாதம் கழித்து, 'பூட்டு பாய்' என்று மட்டும் விலாசம் போட்டு அவருக்கு ஒரு கார்டு வந்தது. பாய்க்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். கார்டை வாங்கிப் பார்த்தேன். கோமளம் எழுதியிருந்தாள். 'அண்ணனுக்கு அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த ஊரில் பழைய முடிவுதான் வேண்டும் என்கிறார்கள். அதனால் தினமும் குடிக்கிறேன். யாரும் எழுந்து சொல்வதில்லை. குடிப்பதற்கு முன்னால் தரை டிக்கெட் முன்வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.'

"என்ன எழுதியிருக்கு தம்பி? சும்மா நிக்கிறே?"

"எல்லாரும் சௌக்கியமாம் பாய்."

"அது கெடக்கட்டும். அங்க எப்புடி? குடிக்குதா?"

"குடிக்கிறதே இல்லையாம்."

பாய் ராவிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல புள்ள. சொன்னாக் கேக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கார்டைத் திருப்பிக் கேட்டார். அச்சாபீஸில் ஒரு வேலைக்கு வேண்டும் என்று ஏதோ சொல்லி நானே எடுத்துவந்துவிட்டேன். அவர் இருந்தவரைக்கும் அது என்னிடமே இருந்தது. வேறு யாராவது அவருக்கு அதைப் படித்துக் காட்டிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.